விருந்தும் மருந்தும் மூன்று நாள்

எமது ஒழுங்கையின் தொங்கலில் வசிக்கும் பெரியவர் ஒருவர் இளைப்பாறிய உத்தியோகத்தர். வைகறையில் எழுந்து, பூக்கொய்து, கால்நடையாகவே கோயிலுக்குச் சென்று வருபவர். சில மாதங்களின் முன் ஓரிரவு அவருக்கு மாரடைப்பு உண்டாயிற்று. வைத்தியசாலையில் உரிய சிகிச்சை பெற்று ஒரு கிழமையில் வீடு திரும்பினார். நாம் சுகம் விசாரிக்கச் சென்ற முதல் நாள், கட்டிலருகே இருந்த சிறு மேசையில் குளிசைப் பெட்டிகள் நான்கைந்து ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு மாதம் கழித்துச் சென்றபோது மேசை வெறுமையாய் இருந்தது. காரணம் கேட்டோம்.

“விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று முன்னோர் சும்மாவா சொன்னவை, மாஸ்ரர்? நான் மூன்று கிழமை குடித்துவிட்டேன். நெஞ்சில் இப்போது ஒரு நோவும் இல்லை. முழங்கால் உளைவுக்கு மாத்திரம் கடையில் ஒரு குளிசை வாங்கிப் போடுகிறேன்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மூன்றாம் மாதத்தில் கால்கள் வீங்கின. கோயிற்படி ஏற மூச்சு வாங்கிற்று. இரவில் இரண்டு தலையணை வைத்தே படுக்க முடிந்தது. மீண்டும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். இருதயம் பெருத்துத் தளர்ந்திருக்கிறது என்றனர் வைத்தியர்.

அவருடைய பேரன் எமது கல்லூரியில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயில்பவன். மறுநாள் வகுப்பு முடிந்ததும் எம்மிடம் வந்தான். “சேர், அப்பப்பாவின் இருதயத்தில் பட்ட காயம் மாறிவருகிறது என்றுதானே முதலில் சொன்னார்கள்? மாறிவரும் காயம் இருதயத்தை எப்படிப் பெருக்க வைக்கும்?” என்று கேட்டான்.

கேள்வி சிறியது, விடை பெரியது. அதில் ஒரு பங்கு, நாடிகளை விட்டு அப்பால், நம் குருதியில் ஓடும் வெண்குருதிக் கலங்களிடத்தில் இருக்கிறது. பெரியவர் சொன்ன பழமொழிக்கும் அவ்விடையில் ஓர் இடம் உண்டு. அவர் நினைத்த இடம் அதுவன்று. இவ்வாரம் அதனையே விளக்க முயல்வோம்.

இறந்த தசை மீள்வதில்லை

இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை துடிக்கிறது. அதற்கு வேண்டிய குருதியை அதன் மேற்பரப்பிலே படர்ந்துள்ள முடியுரு நாடிகள் கொண்டு வருகின்றன. இவற்றுள் ஒன்றில் குருதி கட்டிபட்டு வழி அடைபடுவதே மாரடைப்பு. அடைப்புக்கு அப்பாலுள்ள தசைக்கு ஒட்சிசன் கிடையாது. அரைமணி நேரத்திற்குள்ளாகவே தசைக்கலங்கள் இறக்கத் தொடங்குகின்றன. இருதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கும் இம்மரணம், சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. விரைவாக அடைப்பை நீக்குவதில் வைத்தியர் காட்டும் அவசரத்தின் காரணம் இதுவே.

இடது இதயவறையில் சுமார் 200 கோடி முதல் 400 கோடி வரையான தசைக்கலங்கள் உள்ளன. பெரியதொரு மாரடைப்பில் 100 கோடி வரையான கலங்கள் சில மணி நேரத்தில் அழிந்துவிடக்கூடும். தோலில் வெட்டுப்பட்டால் புதுத்தோல் வளர்கிறது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டினால் எஞ்சியது பெருத்து இடத்தை நிரப்புகிறது. இருதயத் தசைக்கு அந்தப் பேறு இல்லை.

இதனை அளந்தறிந்த விதம் வியப்பானது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுக்குண்டுகளை வெடித்துப் பரீட்சித்தன. அதனால் வளிமண்டலத்தில் காபன்-14 என்னும் கதிர்த்தொழிற்பாடுள்ள காபன் மிகுந்தது. 1963ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு கலம் பிறந்த ஆண்டின் காபன் அளவு அதன் பரம்பரைப் பொருளில் முத்திரைபோலப் பதிந்துவிடுகிறது. ஸ்ரொக்கோம் நகர ஆய்வாளர் இம்முத்திரையைப் படித்து 2009ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். 25 வயதில் இருதயத் தசைக்கலங்களுள் ஆண்டுக்கு 1 சதவீதமே புதியனவாகின்றன. 75 வயதில் அதுவும் 0.45 சதவீதமாகக் குறைகிறது. இந்த வேகத்தில் ஒரு மாரடைப்பின் இழப்பை ஈடுசெய்வது இயலாத காரியம்.

புதுத்தசை வளராத இடத்தில் வேறு ஏதாவது ஒன்று வந்து துவாரத்தை அடைத்தாக வேண்டும். இல்லையேல் சுவர் கிழிந்துவிடும். அந்தப் பொருள் தழும்பு. அதனைக் கட்டுவிக்கும் மேற்பார்வையாளர்கள் வெண்குருதிக் கலங்கள்.

கிருமி இல்லாத போர்

வெண்குருதிக் கலங்களைக் கிருமிகளோடு பொரும் படைவீரர் என்றே நாம் பள்ளியில் படித்தோம். மாரடைப்பில் கிருமி எதுவும் இல்லையே. பின் ஏன் அவை வருகின்றன? இதற்கு விடை தேட 1882ஆம் ஆண்டுக்கும் சிசிலித் தீவிலுள்ள மெசீனா நகருக்கும் செல்ல வேண்டும்.

உருசிய நாட்டு விஞ்ஞானி மெச்னிக்கோவ் அப்போது அங்கே தங்கியிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட, அவர் தனிமையில் நட்சத்திர மீனின் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல ஒளிபுகும் அவ்வுடலினுள்ளே சில கலங்கள் அலைந்து திரிவதைக் கண்டார். தோட்டத்து ரோசாச் செடியின் முட்களைக் கொணர்ந்து குடம்பிகளின் தோலினடியில் செருகினார். அடுத்த நாட் காலையில், அலைந்து திரிந்த கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடம்பினுள் இயல்பாகவே காவல் உண்டு என்னும் கருத்து அன்று பிறந்தது. அதற்காக 1908ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1916ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அவர் உயிர் நீத்தது இருதயத் தளர்ச்சியினால் என்பது நினைக்கத் தக்கது.

இந்தக் காவலையே பிறவி நிர்ப்பீடனம் என்கிறோம். அம்மை நோய் கண்டோ ஊசி போட்டோ பின்னர்ப் பெறும் நிர்ப்பீடனம் வேறு. இது பிறக்கும்போதே உடன் வருவது. இன்ன கிருமி என்று பெயர் கேட்டுப் பழக வேண்டிய தேவை இதற்கில்லை. முள்ளிலே கிருமி உண்டோ இல்லையோ, திசு சிதைந்தது என்பதே போதும்.

சிதைவை எப்படி அறிகிறது? 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொலி மற்சிங்கர் என்னும் அம்மையார் ஒரு கருத்தை வெளியிட்டார். நிர்ப்பீடனத் தொகுதி ‘அந்நியன் வந்தான்’ என்பதைக் காட்டிலும் ‘ஆபத்து வந்தது’ என்பதையே கவனிக்கிறது என்பது அவர் கொள்கை. வெடித்து இறக்கும் கலத்திலிருந்து, கலத்துக்குள்ளேயே இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே சிந்துகின்றன. அவை ஆபத்து மணியாக ஒலிக்கின்றன. அம்மணியைக் கேட்கும் செவிகள் காவற் கலங்களின் மேலே உண்டு. அவற்றுள் முக்கியமான ‘டோல்’ வகை வாங்கிகளின் பணி, 1996ஆம் ஆண்டில் பழ ஈயிலும் 1998ஆம் ஆண்டில் சுண்டெலியிலும் தெளிவாயிற்று. அவ்வாய்வுகளை நடத்திய ஒஃப்மன், பொய்ற்லர் ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இருதயத்தில் இறந்த தசைக்கலங்கள் இந்த மணியையே அடிக்கின்றன. கிருமிக்கு எதிராக எழும் அதே படை, கிருமியற்ற இருதயத்துக்குள் நுழைகிறது. இதனை அழற்சி என்கிறோம்.

முதல் மூன்று நாள்

முதலில் வருபவை நியூத்திரோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள். எமது என்பு மச்சை இவற்றை நாளொன்றுக்கு 10,000 கோடி அளவில் உண்டாக்குகிறது. மாரடைப்பு நிகழ்ந்து சில மணி நேரத்தில் வரத் தொடங்கி, முதல் மூன்று நாட்களுள் உச்சத்தை அடைகின்றன. இறந்த தசையைக் கரைக்கும் நொதியங்களையும், எதனையும் எரித்துவிடக்கூடிய ஒட்சிசன் சேர்வைகளையும் இவை வெளிவிடுகின்றன. குப்பை அகற்றுவதற்கு இது வேண்டும். ஆனால் இவை நண்பன் பகைவன் அறியா. உயிரோடு தப்பிய அயற்கலங்களும் இவற்றின் கையில் சேதமடையக்கூடும்.

அப்படியாயின் இவற்றை வரவொட்டாமல் தடுத்துவிட்டால் என்ன? பலரும் அவ்வாறே எண்ணினர். 1980களில் நாய்களில் நடத்திய சோதனைகள் நம்பிக்கை ஊட்டின. மனிதரில் நியூத்திரோபில்களின் நுழைவைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது பயன் கிட்டவில்லை. பிற்பாடு, 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நியூத்திரோபில்களை அகற்றிய சுண்டெலிகளின் இருதயம் முன்னிலும் மோசமாகத் தளர்ந்தது. முதலில் வருபவை கரடுமுரடானவை. எனினும் பின்னால் வருபவைக்கு வழிசெய்பவையும் அவையே.

பொறுப்பு மாறும் வேளை

நியூத்திரோபில்களின் பின்னே மொனோசைற் என்னும் கலங்கள் வருகின்றன. இவை குருதியிலிருந்து திசுவினுள் இறங்கியதும் பெருந்தின்னிக் கலங்களாகின்றன. மெச்னிக்கோவ் இட்ட கிரேக்கப் பெயரின் பொருளும் அதுவே. 2007ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகர ஆய்வாளர் சுண்டெலிகளில் ஒன்றைக் கண்டனர். இக்கலங்கள் இரண்டு அணியாக வருகின்றன. முதல் நான்கு நாள் வரை வருவது குப்பை தின்னும் அணி. அதன் பின் வருவது கட்டும் அணி. நார் பின்னும் கலங்களை அழைத்து, புதிய சிறு குருதிக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. மனிதரின் குருதியிலும் இவ்வாறு இரண்டு வகை ஒன்றன்பின் ஒன்றாக உயர்வதை யப்பானிய வைத்தியர் 2009ஆம் ஆண்டில் கண்டனர்.

இத்தனை கலங்களும் திடீரென எங்கிருந்து வருகின்றன? என்பு மச்சை மாத்திரம் இதற்குப் போதாது. மண்ணீரலில் இவற்றுக்கு ஒரு களஞ்சியம் இருப்பதை அதே பொஸ்ரன் ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் அறிவித்தனர். மாரடைப்பு நிகழ்ந்ததும், குருதியமுக்கத்தை உயர்த்தும் அஞ்சியோரென்சின் என்னும் பொருள் மண்ணீரலின் கதவைத் திறந்துவிடுகிறது. மாணவர்கள் இப்பெயரை நினைவில் வைத்திருக்க, பின்னர் வேண்டும்.

இப்பொழுது விடயத்தின் நடுமையத்துக்கு வருகிறோம். முதலணி வேலை முடித்தபின் எவ்வாறு போகிறது? நியூத்திரோபில்கள் ஒழுங்காகத் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்கின்றன. பெருந்தின்னிக் கலங்கள் அவ்வுடல்களை விழுங்குகின்றன. விழுங்கிய அந்தச் செயலே விழுங்கிய கலத்தின் குணத்தை மாற்றிவிடுகிறது. அதுவரை ‘படை வருக’ என்று கூவிய கலம், ‘போதும், இனிக் கட்டுக’ என்று சொல்லும் இரசாயனப் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகிறது. அழற்சி தானாக அவிந்து போவதில்லை. அதனை அவிப்பதும் அதே தொகுதியின் வேலையே.

விருந்தும் மூன்று நாள் என்னும் பழமொழி பொருந்துவது இங்கேதான். முதலில் வரும் கலங்கள் விருந்தினர் போன்றவை. வராவிட்டால் வீட்டுக்குக் குறை. வந்தவை போகாவிட்டால் வீட்டுக்குக் கேடு.

தழும்பும் புடைப்பும்

நார் பின்னும் கலங்கள் கொலாஜன் என்னும் உறுதியான புரதத்தை இழையிழையாகப் பின்னுகின்றன. 1939ஆம் ஆண்டில் மலோரி, வைற் முதலிய அமெரிக்க வைத்தியர்கள், மாரடைப்பின் பின் வெவ்வேறு காலத்தில் இறந்த 72 பேரின் இருதயங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிறிய காயம் ஏறக்குறைய 5 வாரத்திலும், பெரியது 2 மாதத்திலும் தழும்பாகிறது என்று கண்டனர். நோயாளியை ஆறு வாரம் படுக்கையிலேயே கிடத்தும் வழக்கத்துக்கு இக்கணக்குத் துணை நின்றது. அந்த நீண்ட படுக்கை வேண்டாததென்று பின்னர்த் தெரிந்தது. 1952ஆம் ஆண்டிலேயே லெவைன், லவுண் என்னும் இருவர் 81 நோயாளரைச் சாய்கதிரையில் இருத்திச் சிகிச்சை செய்து காட்டினர். இன்று சில நாட்களிலேயே நடக்க விடுகின்றனர். ஆயினும் தழும்பு முற்ற எடுக்கும் காலம் மாறவில்லை. நோயாளியின் முகம் தெளியலாம்; உள்ளே கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்.

முதற் கிழமையில் பழைய தசை கரைந்துவிட்டது. புதிய நார் இன்னும் பின்னி முடியவில்லை. இருதயச் சுவர் வெடிக்கும் அபாயம் இக்காலத்திலேயே மிகுதி. வன்னியிலே உடைத்த குளக்கட்டை மண்ணிட்டு அடைத்தவர்களுக்கு இது விளங்கும். மண் இறுகுமுன் பெருவெள்ளம் வந்தால் என்னாகும்?

வெடிக்காவிட்டாலும் இன்னொரு தொல்லை உண்டு. நைந்த இடமுள்ள சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடித்தால் அவ்விடம் புடைக்கிறது. புடைக்கப் புடைக்க அவ்விடத்துத் தோல் மெலிகிறது. மெலிய மெலிய மேலும் புடைக்கிறது. இருதயமும் அவ்வாறே. அறையின் விட்டம் பெருத்துச் சுவர் மெலியுமாயின், ஒவ்வொரு துடிப்பிலும் சுவர் தாங்கும் இழுவை கூடுகிறது. நல்ல தசையும் நாளடைவில் நீண்டு தளர்கிறது. கூம்பு வடிவான அறை பந்துபோல உருளையாகிறது. இதனையே வைத்தியர் இருதயத்தின் உருமாற்றம் என்பர். இதன் முடிவு இருதயத் தளர்ச்சி: இருதயம் நின்றுவிடுவதன்று, உடலுக்கு வேண்டிய அளவு குருதியை அனுப்ப முடியாது திணறுவது. கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் அதன் அடையாளங்கள்.

அழற்சி அளவோடு அடங்கினால் தழும்பு சிறிதாகவும் இறுக்கமாகவும் அமையும். விருந்தினர் போக மறுத்து அழற்சி நீடித்தால், நார் இழைகள் கரைக்கப்படும், தழும்பு மெலியும், காயமடையாத பகுதியிலும் வேண்டாத நார் படிந்து அது விறைக்கும். வாரங்களிலும் மாதங்களிலும் நடைபெறும் இவ்வுருமாற்றத்தை மேலும் தூண்டுவது இதுவே. பேரனின் கேள்விக்கு விடையும் இதுவே. காயம் மாறுவது ஒன்று. மாறிய காயத்தோடு இருதயம் எந்த வடிவில் அமைகிறது என்பது இன்னொன்று.

உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கு 1955ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆந் திகதி டென்வர் நகரில் மாரடைப்பு ஏற்பட்டது. மேலே கூறிய 72 இருதய ஆய்வில் பங்குகொண்ட வைற் என்பவரே சிகிச்சைக்கு அழைக்கப்பட்டார். ஏழு வாரம் வைத்தியசாலையில் இருந்து மீண்டு, அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் வென்றார் ஐசனோவர். ஆனால் பின்னரும் மாரடைப்புகள் வந்தன. 1969ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் இறந்தது இருதயத் தளர்ச்சியினாலேயே.

அழற்சியை அணைக்கலாமா?

அழற்சி கெடுதியாயின் அழற்சி நீக்கும் மருந்தை அள்ளிக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். மருத்துவமும் அவ்வாறே கேட்டுக் கைசுட்டுக்கொண்டது. வலுவான ஸ்ரெரொயிட்டு மருந்தை மாரடைப்பு நோயாளருக்குக் கொடுத்தபோது சேதம் கூடிற்று என 1976ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது. பின்வந்த ஆய்வுகள் அத்துணைக் கேட்டைக் காணவில்லையெனினும் நன்மை என்று நிறுவவும் இல்லை. சுண்டெலிகளில் பெருந்தின்னிக் கலங்களை அகற்றிப் பார்த்தபோது, இறந்த தசை அகலாமல் கிடந்தது. தழும்பு சரியாக அமையவில்லை. இறந்த சுண்டெலிகளும் கூடின.

சாதாரண நோக் குளிசைகளிலும் இதே பாடம் உண்டு. ஐபுபுரோபென், டைக்ளோபெனக் முதலியன அழற்சியைத் தணித்தே நோவைப் போக்குகின்றன. அமெரிக்க இருதய வைத்தியர் சங்கங்களின் வழிகாட்டல், மாரடைப்புக்குப் பின் இவ்வகைக் குளிசைகளை நிறுத்தச் சொல்கிறது. மரணம், மீண்டும் மாரடைப்பு, இருதயத் தளர்ச்சி, சுவர் வெடித்தல் ஆகியவற்றின் அபாயம் கூடுவதே காரணம். குருதி கட்டிபடுவதைத் தடுப்பதற்காக வைத்தியர் தரும் அஸ்பிரின் இவ்விலக்குக்கு உட்பட்டதன்று; அதனை நிறுத்தலாகாது. முழங்கால் உளைவுக்கு எமது பெரியவர் கடையில் வாங்கியது இவ்விலக்கப்பட்ட வகையுள் ஒன்று. அவருடைய இருதயம் பெருத்ததற்கு அது எவ்வளவு காரணம், மருந்தை விட்டது எவ்வளவு காரணம் என்று நாம் தீர்ப்புக் கூற முடியாது. இரண்டும் தவறு என்பது மட்டும் உறுதி.

முழுப்படையையும் தடுக்காமல், ஒரு தூதுவனை மட்டும் தடுத்துப் பார்ப்பதே இன்றைய முயற்சி. 2017ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஒரு பெரிய பரீட்சையில், முன்னர் மாரடைப்புக் கண்ட 10,061 பேர் பங்குபற்றினர். அழற்சித் தூதுகளுள் ஒன்றைத் தடுக்கும் ஊசியின் நடுத்தர அளவைப் பெற்றோரிடையே மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியன 15 சதவீதம் குறைந்தன. ஆனால் கிருமித் தொற்றால் இறந்தோர் தொகை சற்றுக் கூடிற்று. காவலைத் தளர்த்தியதற்கு அது விலை.

கொல்சிசின் என்னும் பழைய மருந்தும் பரீட்சிக்கப்பட்டது. இது எமக்கு அந்நியமானதன்று. கார்த்திகை மாதத்தில் வேலிகளில் சுடர்விட்டுப் பூக்கும் கார்த்திகைச் செடியில் இப்பொருள் உண்டு. மருந்துத் தொழிலுக்காகத் தமிழ்நாட்டில் அதன் விதையைப் பயிரிட்டே எடுக்கின்றனர். மாரடைப்புக் கண்டு 30 நாட்களுக்குள் சேர்க்கப்பட்ட 4,745 பேரில், மீண்டும் இருதய விபத்துக்குள்ளானோர் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தனர் என 2019ஆம் ஆண்டில் மொன்றியல் நகர ஆய்வாளர் அறிவித்தனர். ஆனால் 2024ஆம் ஆண்டில் வெளியான, 7,062 பேரைக் கொண்ட ஆய்வில் பயன் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. இதைப் படித்துவிட்டு எவரும் அக்கிழங்கைத் தேடிச் செல்லலாகாது. கார்த்திகைக் கிழங்கு கொடிய நஞ்சு. அதனால் மாண்டவர் எமது நாட்டிற் பலர்.

சின்னஞ் சிறு உயிர்களின் பாடம்

இருதயம் மறுபடி வளரவே வளராதா என்று மாணவர் கேட்பர். வளரும் உயிர்கள் உண்டு. இந்திய உபகண்டத்து நீரோடைகளில் வாழும் சிறு வரிமீனின் இதயவறையில் 20 சதவீதத்தை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. 2002ஆம் ஆண்டில் இது தெரிந்தது. பிறந்து ஒரு நாளான சுண்டெலிக்கும் அந்த ஆற்றல் இருப்பதையும், ஏழாம் நாளில் அது மறைந்துவிடுவதையும் 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரிற் கண்டனர். மூன்றாண்டுகளின் பின் இன்னொன்று தெரிந்தது. அந்தக் குட்டிகளிலிருந்து பெருந்தின்னிக் கலங்களை அகற்றினால் இருதயம் வளரவில்லை, தழும்பே மிஞ்சிற்று. ஆகவே அக்கலங்கள் வளர்க்கவும் அறிந்தவை. வளர்ந்த உடலில் அவை அவ்வித்தையை ஏன் மறந்தன என்பதே இன்று ஆய்வுகூடங்களைத் தூங்கவிடாத கேள்வி. இன்று பள்ளியில் இருக்கும் மாணவர் ஒருவர் நாளை அதற்கு விடை காணக்கூடும்.

பெரியவருக்கு நாம் சொன்னது

அதுவரையில் கைவசமுள்ளதைக் கைவிடாதிருப்பதே அறிவு. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது கப்ரொப்பிரில் என்னும் மருந்து. அஞ்சியோரென்சின் உண்டாவதை அது தடுக்கிறது. மாரடைப்பால் இருதயம் பலவீனப்பட்ட 2,231 பேருக்கு நடத்திய பரீட்சையின் முடிவு 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து பெற்றோரிடை மரணம் 19 சதவீதம் குறைந்தது. சுவரின் பாரத்தைக் குறைத்து உருமாற்றத்தை அது தடுக்கிறது. அதே இனத்து மருந்து ஒன்று மண்ணீரற் களஞ்சியத்தின் கதவையும் இறுக்கிப் பிடிக்கிறது என்று 2010ஆம் ஆண்டில் சுண்டெலிகளிற் கண்டனர். அந்தப் பரீட்சையில் மருந்து கொடுத்த காலம் சராசரி 42 மாதம். மூன்று நாளுமன்று, மூன்று கிழமையுமன்று.

சென்ற ஞாயிறு பெரியவரைப் பார்க்கச் சென்றோம். வீக்கம் வற்றியிருந்தது, மூச்சும் ஓரளவு சீராகியிருந்தது. மேலே எழுதியவற்றைச் சுருக்கிச் சொன்னோம். “அப்ப, பழமொழி பிழையோ, மாஸ்ரர்?” என்று கேட்டார்.

“பழமொழி சரி, ஐயா. அது உங்களுடைய வெண்குருதிக் கலங்களுக்குச் சொன்னது. அவை மூன்று நாள் நின்று போக வேண்டியவை. அவை போன பின்னும் இருந்து சுவரைக் காக்க வேண்டியது உங்கள் குளிசை” என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு பேரனை அழைத்து, மேசை லாச்சியிலிருந்த முழங்காற் குளிசைகளை எடுத்துத் தூர வைக்கச் சொன்னார். உளைவுக்கு வேறு என்ன போடலாம் என்று அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு வருவதாகவும் கூறினார்.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு இருதய நாடி நோயே முதற் காரணமாக இருக்கிறது. ஆகவே இது ஓர் ஒழுங்கையின் கதை மட்டுமன்று. நெஞ்சு இறுக்கமும், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவும், வியர்வையும் கண்டால், வாயுவென்று இஞ்சித் தேநீர் காய்ச்சிக்கொண்டு இராது 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். தப்பிய ஒவ்வொரு நிமிடமும் தப்பிய தசை. வீடு திரும்பிய பின், வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். அவர் அறியாமல் எந்த நோக் குளிசையையும் தொடங்காதீர்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பணி உண்டு. எமது மாணவன் இப்போது கலண்டரில் நாள்தோறும் காலைக்கு ஒரு கோடும் இரவுக்கு ஒரு கோடும் கீறி வருகிறான். நேற்று அதைப் பார்த்தோம். கோடு ஒன்றும் தவறவில்லை.